சுவரும் சுடவேண்டும்

இந்தத் தாச்சியைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது, இதன் சுவர் சுடும். அடி சுடாத சட்டி உலகத்தில் இல்லை. சுவரும் சேர்ந்து சுடுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டி, அதுவும் அறுபது டொலருக்குள், ரொறன்ரோவில் தேடினால்தான் கிடைக்கும். பெரிய கடைகளில் மலிவு விற்பனைக்கென்று குவித்துவைத்திருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அடியால் மட்டும் சமைப்பவை. அவற்றின் சுவருக்கு ஒரே வேலைதான், குழம்பு வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்வது.

நான் வாங்கியது இந்தியாவில் செய்த மூன்றடுக்குத் தாச்சி. வாய் 26 செ.மீ., உள்ளே ஒரு ஸ்டீல், நடுவே அலுமினியம், வெளியே இன்னொரு ஸ்டீல், இரண்டு காது. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. ஹாக்கின்ஸ், வினோத், ஸ்டால், ஹோசூரிலும் கோயம்புத்தூரிலும் ஆலை வைத்திருக்கும் டி.டி.கே. பிரஸ்டீஜ் என்று இதே மாதிரிச் சாமானைச் செய்பவர்கள் பலர். ஸ்காபரோக் கடைகளில் இந்த மாதம் இருப்பது அடுத்த மாதம் இருக்காது. ஆகவே என்னுடையதன் பெயரைச் சொல்லி உங்களை அலையவிட விருப்பமில்லை. எது கையில் அகப்பட்டாலும் கீழே எழுதியிருப்பதைச் சோதித்துப் பார்த்து எடுக்கலாம்.

இதற்கு முன் என் குசினியில் இருந்தது வட்டு அடி ஒட்டிய ஒரு செட். அதைப் பற்றிச் சொல்லாமல் தாச்சியின் அருமை விளங்காது. மெல்லிய ஸ்டீல் சட்டி ஒன்றின் அடியில் தடித்த அலுமினிய வட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் இன்னொரு ஸ்டீல் தகட்டை மூடி அழுத்தியிருப்பார்கள். தூக்கிப் பார்த்தால் பாரம் நன்றாகவே இருக்கும். தண்ணீர் கொதிக்கவைத்தால் ஒரு குறையும் தெரியாது. கோழிப் பிரட்டலுக்கு வெங்காயம் வதக்கும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். நடுவில் வெங்காயம் இன்னும் வெள்ளையாகக் கிடக்கும். அடியும் சுவரும் சந்திக்கும் வளைவில் மட்டும் கறுப்பாக ஒரு வளையம் விழத் தொடங்கும். அகப்பையால் சுரண்டினால் அந்தக் கரி குழம்புக்குள் வரும். சுரண்டாமல் விட்டால் கருகிய மணம் வரும். கறித்தூள் போட்ட பிறகு இன்னும் மோசம். தூள் ஈரத்தோடு வளைவில் போய் ஒட்டி, தேங்காய்ப்பால் விடுமுன்பே கசந்துவிடும்.

இந்த வளையத்துக்கு அடுப்பையும் குற்றம் சொல்லவேண்டும். ரொறன்ரோ வாடகை வீடுகளில் காஸ் அடுப்பு அரிது. பேஸ்மென்டில் இருந்தாலும் பதினைந்தாம் மாடியில் இருந்தாலும் வீட்டுக்காரர் கொடுத்துவைத்திருப்பது மின்சுருள் அடுப்போ கண்ணாடி அடுப்போதான். சுருள்களில் இரண்டு ஆறங்குலம், இரண்டு எட்டங்குலம். வட்டு அடி ஏழங்குலம் என்றால், எட்டங்குலச் சுருளில் வைக்கும்போது வட்டுக்கு வெளியே அரை அங்குலம் சுற்றிவரச் சிவந்து எரியும். அந்த வெக்கை நேரே மெல்லிய சுவரில் படும். சுவரில் அலுமினியம் இல்லை. வந்த சூட்டை வாங்கி மேலே அனுப்ப அதற்கு வழியில்லை. பட்ட இடத்திலேயே அது நின்று கருக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பல். சட்டிக்குள் இருக்கும் ஸ்டீலுக்கு வெப்பக் கடத்துதிறன் ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு சுமார் 15 வாட். தூய அலுமினியத்துக்குச் சுமார் 235. செம்புக்குச் சுமார் 400. துருப்பிடிக்காது, புளிக்கு அசையாது, மஞ்சள் நிறம் ஏறாது என்று எல்லா நல்ல குணமும் ஸ்டீலிடம் இருக்க, ஒரு சட்டிக்கு முதலாவதாக வேண்டிய குணம் மட்டும் அதனிடம் இல்லை. அம்மாமார் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஒற்றைத் தகட்டு எவர்சில்வர் சட்டிகளில் பால் எப்போதும் அடிப்பிடித்ததற்கும் காரணம் இதுதான். எங்கே நெருப்போ அங்கே மட்டும் சூடு.

இதற்கு ஒரு தீர்வைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் ஜோன் உலாம் என்ற அமெரிக்க உலோகவியலாளர். வெவ்வேறு உலோகத் தகடுகளை ஒன்றோடொன்று பிரியாதபடி அழுத்தி இணைப்பது அவருடைய தொழில். அந்த இணைப்புக்கு அப்போது பெரிய தேவை ஏற்பட்டது நாணயத்தால். வெள்ளி விலை ஏறியதால் அமெரிக்கா 1965இல் பத்துச் சத, இருபத்தைந்து சத நாணயங்களில் வெள்ளியைக் கைவிட்டு, செம்பின் இரு பக்கமும் செம்பு-நிக்கல் தகடு இணைத்த நாணயத்துக்கு மாறியது. உலாம் அதே கலையைச் சட்டிக்குக் கொண்டுவந்து, 1971இல் பென்சில்வேனியாவின் கனன்ஸ்பேர்க்கில் ஆல்-கிளாட் கம்பனியைத் தொடங்கினார். அடியில் தொடங்கி வாய் விளிம்புவரை ஒரே அலுமினிய அடுக்கு. இன்றைக்கும் அவர்களுடைய ஒரு சட்டியின் விலையில் எங்கள் வீட்டில் ஒரு மாத மரக்கறி வாங்கலாம். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் இப்போது எல்லாருடைய கையிலும் இருக்கிறது. சீனாவிலும் பிரேசிலிலும் இந்தியாவிலும் செய்கிறார்கள். குறைந்த செலவில் நல்ல ஸ்டீல் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

தாச்சிக்குத் திரும்புகிறேன். இதன் உண்மையான பரீட்சை மா வறுப்பது. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசிமா வறுக்கும்போது எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை. சட்டியின் சூடு எங்கே கூட, எங்கே குறைவு என்பதை மா அப்படியே காட்டிக்கொடுக்கும். வட்டு அடிச் சட்டியில் மூலைக்குப் போன மா பழுப்பாகும், சுவரில் ஒதுங்கிய மா பச்சையாகவே இருக்கும். விடாமல் கிளறிக்கொண்டு நிற்கவேண்டும். இந்தத் தாச்சியில் சுவர் சாய்வு. அகப்பையால் மேலே தள்ளிய மா அங்கேயும் சூட்டை வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சரிந்து நடுவுக்கு வருகிறது. ஒரு கையால் கிளறிக்கொண்டு மறுகையால் தொலைபேசி பேசலாம். மா வெள்ளை மாறாமல், பச்சை மணம் போய், மணல்போல உதிர்ந்து வரும்.

பிறகு கறித்தூளுக்கு வறுத்தேன். கொத்தமல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, கடைசியில் செத்தல் மிளகாய், ஒவ்வொன்றும் தனித்தனியாக. வெந்தயம்தான் மோசக்காரன், ஒரு கணம் தப்பினால் முழுத் தூளும் கசக்கும். தாச்சியில் அது ஒரே நிறமாகச் சிவந்து வந்ததைப் பார்த்து, நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். செத்தல் மிளகாய் போட்டவுடன் புகைமணி அலறியது. அதற்குத் தாச்சி பொறுப்பில்லை. புகையை வெளியே அனுப்பாமல் வடிகட்டித் திரும்ப முகத்திலேயே ஊதுகிற விசிறியை அடுப்புக்கு மேலே பூட்டுகிற கட்டடக்காரர்களைப் பற்றி வேறொரு கட்டுரையே எழுதலாம்.

ஆனால் சூடான சுவருக்கு ஒரு விலையும் உண்டு. குழம்பு வற்ற வற்ற, முன்பு குழம்பு நின்ற கோட்டுக்கு மேலே ஒட்டியிருப்பது சுவரிலேயே காய்ந்து கருகும். அவ்வப்போது அகப்பையால் வழித்து உள்ளே தள்ளவேண்டும். காதுகளும் சுடும். பெரிய சுருளில் வைத்தால் இன்னும் சுடும், ஏனென்றால் தாச்சியின் வாய் பத்தங்குலமானாலும் அடுப்பில் குந்துகிற தட்டை அடி ஆறங்குலத்துக்குக் கிட்டத்தான். வாங்கும்போது வாயை அளக்காதீர்கள். அடியை அளந்து, உங்கள் சுருளோடு ஒப்பிடுங்கள். நடுவில் வெப்ப உணரி வைத்த புதுவகைச் சுருள்கள் உள்ள வீடானால் இது இன்னும் முக்கியம். அடி தட்டையாக உணரியில் படவில்லையென்றால், சுருள் தன் எண்ணத்துக்கு அணைந்து அணைந்து எரியும். முழு உருண்டை அடியுள்ள தாச்சி இந்த நாட்டு அடுப்புகளுக்கு வேண்டாம்.

கடையில் என்ன பார்ப்பது? மார்க்கம் வீதிப் பக்கமுள்ள ஒரு கடையில் நான் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, இது அடி மட்டும் மொத்தமோ, முழுக்க மொத்தமோ?” அவர் பெட்டியில் எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. தாச்சியை எடுத்து வாயைத் திருப்பிக் காட்டினார். “விளிம்பைப் பாருங்கோ அண்ணை, மூண்டு கோடு தெரியுதெல்லோ?” தெரிந்தது. பளபளப்பான இரண்டு கோடுகளுக்கு நடுவே மங்கலாக ஒன்று, அதுதான் அலுமினியம். விளிம்பை வெட்டி அப்படியே விட்டிருக்கும் சாமானில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை. விளிம்பைச் சுருட்டி மூடியிருந்தால் கோடு தெரியாது. அப்போது அடிக்குக் கொஞ்சம் மேலே, வெளிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். வட்டு ஒட்டியிருந்தால் ஒரு படி தட்டுப்படும். பெட்டியிலுள்ள எழுத்தை மட்டும் நம்பவேண்டாம். ‘ட்ரைப்ளை’ என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் ‘பேஸ்’ என்று சிறிதாகப் போடுகிற பெட்டிகள் உண்டு. அவற்றின் மூன்றடுக்கு அந்த வட்டோடு சரி.

விளிம்பில் தெரியும் அந்த அலுமினியக் கோடு பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஆகாது. அதன் சோப்புக் காரம் அலுமினியத்தை மெல்ல அரித்து, இரு பக்கமும் ஸ்டீல் கத்திபோல நிற்கும். கையால் கழுவுங்கள்.

இனி, ஸ்டீலின் தரம் என்று போடும் 18/10 என்ற எண். இதற்காகக் கூடக் காசு கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். முதல் எண் குரோமியம், இரண்டாவது நிக்கல், இரண்டும் சதவீதம். 304 என்ற தரத்தின் வரையறையிலேயே நிக்கல் 8 முதல் 10.5 சதவீதம்வரை இருக்கலாம். 18/8க்கும் 18/10க்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் குழம்பு அறியாது. அறியவேண்டிய வித்தியாசம் வேறு: 200 வரிசை ஸ்டீல். அதில் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்ப்பார்கள். இந்தியாவில் மலிவுப் பாத்திரங்களில் இது தாராளம். தண்ணீர்க் குவளைக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் போதும். பழப்புளியும் உப்பும் நாள்தோறும் கொதிக்கும் சட்டிக்கு 304 நல்லது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று சொல்வார்கள். தெரியாது. 304உம் காந்தத்தில் ஒட்டாது, 201உம் ஒட்டாது. மூன்றடுக்குச் சாமானிலோ இண்டக்‌ஷன் அடுப்புக்காக வெளித்தகட்டைக் காந்தம் பிடிக்கும் ஸ்டீலால் செய்திருப்பார்கள். அது ஒட்டியே தீரும். எண்ணை வாசித்துத்தான் எடுக்கவேண்டும், உள்தகடு 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்கிறதா என்று. ஒன்றுமே பொறிக்காத சாமானை எவ்வளவு மலிவானாலும் அடுப்புக்கு வாங்காதீர்கள்.

எல்லாச் சட்டிக்கும் சுவர் சுடத் தேவையில்லை. செலவை இங்கேதான் மிச்சம் பிடிக்கவேண்டும். தண்ணீர் கூடிய எதுவும், பருப்பு, ரசம், சூப், சோறு, பாஸ்ரா, தானாகவே சுழன்று சூட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். கீழே சூடான தண்ணீர் மேலே போகும், மேலே உள்ளது கீழே வரும். சுவருக்கு வேலையே இல்லை. அதற்கு வட்டு அடிச் சட்டி தாராளம். கெட்டியான வட்டு என்றால் மூன்றடுக்கைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன். வதக்குவது, வறுப்பது, பிரட்டுவது, தேங்காய்ப்பால் வற்றவைப்பது என்று கட்டியாகக் கிடந்து சுழலாத சமையலுக்குத்தான் முழுச் சுவரும் சுடவேண்டும். எங்கள் சமையலில் அதற்கு ஒரு தாச்சி போதும், பெரிய குடும்பமென்றால் இரண்டு. மாவும் சீனியும் போட்டுவைக்க ஒற்றைத் தகட்டு எவர்சில்வர். மூன்று விதச் சாமானுக்கு மூன்று விதமாகக் காசு பிரியும்போது மொத்தச் செலவு ஒரு நடுத்தர செட்டின் விலைக்குக் கீழே வந்துவிடும்.

செட் என்ற வியாபாரமே எனக்குப் பிடிக்காது. பன்னிரண்டு துண்டு என்று பெட்டியில் இருக்கும். மூடியும் ஒரு துண்டு, அவிக்கும் தட்டும் ஒரு துண்டு. எண்ணி முடித்தால் சமைக்கிற சட்டி ஆறோ ஏழோ மிஞ்சும். அவற்றில் இரண்டு, ஒரு முட்டை அவிக்கும் அளவில் இருக்கும். நீளக் கைபிடி வைத்த இரண்டு ஃபிரைபான் இருக்கும். நான்கு சுருள் உள்ள நம்முடைய அடுப்பில் ஒரு நீளக் கைபிடி அடுத்த சட்டியின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் நடைபாதையில் நீட்டிக்கொண்டு குழந்தையின் தலைக்குக் குறிபார்க்கும். கூட்டுக் குடும்பச் சமையலுக்கு இரண்டு காதுதான் முறை.

அந்த செட்டின் விலைக் கதை இன்னும் சுவாரசியம். வாராவாரம் வீட்டு வாசலில் விழுகிற விளம்பரத் தாளில், சாதாரண விலை அறுநூறு என்று அடித்துவிட்டு, இருநூறு என்று சிவப்பில் போட்டிருக்கும். இந்த நகரத்தில் கொஞ்சக் காலம் இருந்தவர் எவரும் அந்த அறுநூறைக் கொடுத்து வாங்கியிருக்கமாட்டார். கனடாவின் போட்டிச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. சாதாரண விலை என்று ஒன்றைச் சொல்வதானால், அந்த விலைக்குக் கணிசமான அளவு விற்றிருக்கவேண்டும், அல்லது கணிசமான காலம் நேர்மையாக அந்த விலைக்கு வைத்திருந்திருக்கவேண்டும். 1999இல் வந்த கார் டயர் விளம்பரங்களுக்காக சியர்ஸ் கனடா இந்த விதியில் மாட்டிக்கொண்டு, 2005இல் போட்டித் தீர்ப்பாயம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024 ஜூனில் சட்டம் இன்னும் இறுகியது: குறைப்பு உண்மையானது என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது விற்பவர் தலையில். இருந்தாலும் சட்டம் உங்களோடு கடைக்கு வராது. அடித்த விலையைப் பார்க்காதீர்கள். சிவப்பு விலையை மட்டும் பார்த்து, அதோடு 13 சதவீத வரியைக் கூட்டி, அந்தச் சாமான் அந்தக் காசுக்குத் தகுமா என்று கேளுங்கள். தகும் என்றாலும் அவசரப்படவேண்டாம். அந்த மலிவு திரும்ப வரும்.

வட்டு அடிச் சட்டியில் என் விசுவாசம் எங்கே என்று கேட்டால், பிரின்ஸ் எட்வர்ட் தீவில். 1979இல் அங்கே தொடங்கிய படேர்னோ என்ற கம்பனி, உருளைக்கிழங்குக்குப் பெயர்போன அந்தச் சின்னத் தீவிலிருந்து கனடா முழுவதற்கும் சட்டி அனுப்பியது. அடி கெட்டி. கைபிடியை வெளிப்பக்கமே பற்றவைத்திருப்பார்கள், உள்ளே ஆணித்தலை இல்லை. ஆணித்தலையைச் சுற்றி மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து பாசிபோலப் படிவதைப் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2017இல் படேர்னோ என்ற பெயரை கனேடியன் டயர் வாங்கிவிட்டது. ஆலை, சட்டி செய்யும் இன்னொரு கம்பனியான மேயரின் கைக்குப் போனது. மேயரின் ‘கன்ஃபெடரேஷன்’ வரிசை அங்கேதான் உருவாகிறது. ஆகவே இன்று படேர்னோ என்ற பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், எங்கே செய்தது என்பதையும் வாசியுங்கள். அமெரிக்க வரிச் சண்டைக்குப் பிறகு இப்போது எல்லாச் சாமானிலும் ஒரு மேபிள் இலை ஒட்டியிருக்கிறது. அந்த இலையை மட்டும் நம்பவேண்டாம். எழுத்துக்குத்தான் தெளிவான அளவு உண்டு: ‘மேட் இன் கனடா’ என்றால் செலவில் குறைந்தது 51 சதவீதம் கனடாவில், ‘புரொடக்ட் ஒஃப் கனடா’ என்றால் 98 சதவீதம்.

புதுச் சாமானுக்குக் காசு போதாது என்றால் பழைய சாமான் விற்கும் வலியூ வில்லேஜுக்குப் போங்கள். சட்டி அடுக்கியிருக்கும் பக்கம் நின்று, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடி முத்திரையைப் பாருங்கள். பழைய தீவுச் சட்டி ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். என்னிடம் உள்ள பருப்புச் சட்டி அப்படி வந்தது. விலை ஒரு வேளை கொத்துரொட்டிக்கும் குறைவு. உள்ளே வானவில் நிறத்தில் கறை இருந்தால் பயப்படவேண்டாம், அது அதிகச் சூட்டால் மேற்பரப்பில் வந்த மெல்லிய படலம். வெள்ளைப் புள்ளிகள் ஒன்ராறியோ ஏரித் தண்ணீரின் சுண்ணாம்பு. இரண்டும் கொஞ்சம் வினிகருக்குப் போய்விடும். கருகல் பிடித்திருந்தால் ஒக்சாலிக் அமிலம் உள்ள பார் கீப்பர்ஸ் பிரெண்ட் தூள். பார்க்கவேண்டியது இரண்டே விஷயம். மேசையில் வைத்து விரலால் அழுத்தினால் ஆடுகிறதா, வட்டின் ஓரம் எங்காவது விலகியிருக்கிறதா. ஆடினால் கண்ணாடி அடுப்பில் பாதி அடிதான் சுடும். வட்டு விலகியிருந்தால் தொடவே வேண்டாம். யாரோ தண்ணீர் வற்றவிட்டு மறந்த சட்டி அது. அலுமினியம் 660 பாகையில் உருகும், வெறுஞ்சட்டிக்குக் கீழே சிவந்த சுருளால் அந்தச் சூட்டை எட்ட முடியும்.

தாச்சியில் முட்டை ஒட்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கீறல் விழுந்த நொன்ஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்டீலுக்கு வருபவர்களின் முதற்பயம் அதுதான். வெறுந்தாச்சியை நடுத்தரச் சூட்டில் வைத்து, ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீறி ஆவியானால் சூடு போதாது. துளி உடையாமல் பாதரசம்போல உருண்டு ஓடினால் சரி. துளிக்கு அடியில் அதன் ஆவியே ஒரு மெத்தையாக நிற்கிறது. 1756இல் லைடன்ஃப்ரொஸ்ட் என்ற ஜேர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. அப்போது அடுப்பைக் குறைத்து, எண்ணெய் விட்டு, எண்ணெய் நெளிந்தவுடன் முட்டை. முதலில் ஒட்டும், ஓரம் வெந்தவுடன் தானே விடும். அவசரப்பட்டுக் கிளப்பினால் ஒட்டியதுதான். நொன்ஸ்டிக் அளவுக்கு வழுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோசைக்கு இதை நினைக்கவே வேண்டாம், இரும்புக் கல் இருக்கிறது. உப்பை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடியில் தங்கவிடாதீர்கள், ஊசிக்குத்துப்போலப் புள்ளி விழும். கொதித்த பிறகு போடுங்கள்.

தாச்சி இவ்வளவு திருப்தி தந்ததால் அதே வகையில் ஒரு பால்சட்டியும் வாங்கினேன். அது வேறு கம்பனி, பெயர் வேண்டாம். பால் அடிப்பிடிக்கவில்லை. ஆனால் தேத்தண்ணி ஊற்றும்போது, வெட்டியபடியே விட்ட நேரான விளிம்பிலிருந்து தேநீர் கோப்பைக்குள் விழாமல், சட்டியின் வெளிப்பக்கமாக வழிந்து அடிவரை ஓடி மேசையை நனைத்தது. வேகமாகச் சரித்தாலும் வழிந்தது, மெதுவாகச் சரித்தாலும் வழிந்தது. சுருள் அடுப்பில் அந்த வழிந்த தேத்தண்ணி கருகி, வீடு முழுக்க மணம். முழுச் சுவரும் மூன்றடுக்கு, உள்ளே 304, ஆனால் ஊற்றத் தெரியாத ஒரு சட்டி! பால்சட்டி செய்பவர்கள் தேத்தண்ணி குடிப்பதில்லையா? இதே வேலையை, வாய் வெளியே சுருண்ட ஐந்து டொலர் எவர்சில்வர்ச் செம்பு ஒரு சொட்டும் சிந்தாமல் செய்கிறது. ஆகவே இப்போது பால் காய்வது பழைய தீவுச் சட்டியில். அதிலிருந்து ஊற்றுவது செம்புக்கு, செம்பிலிருந்து ஆற்றுவது கோப்பைக்கு.

கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பால்சட்டியானால் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருக்கிறதா, மூக்கு வைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நேராக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். ஒருதரம் அடுப்பில் ஏற்றிய சட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று காசு கொடுக்குமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பல கடைகளில் எடுக்கமாட்டார்கள்.